ஜல்லி, தண்டவாளம், தென்னை: வீட்டு மாதிரி ரயில் பற்றி உங்கள் கேள்விகள்

பத்தடி நீளம், இரண்டரை அடி அகலம். எங்கள் வீட்டுச் சுவரோரம் காவிரி டெல்டாவின் ஒரு சின்ன ஸ்டேஷன் மூன்று வருடமாக எழும்பிக்கொண்டிருக்கிறது. அளவு எச்.ஓ.; நிஜத்தில் 87 செ.மீ. இருப்பது இங்கே 1 செ.மீ. தண்டவாளம் முழுக்கப் போட்டாயிற்று. லூப் லைனில் (மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் பக்கத் தடம்) ஜல்லி பாதி முடிந்திருக்கிறது. வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் இன்னும் வெறும் தெர்மாகோல். படங்களைப் பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் உதவும் என்று தோன்றியவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, 8×4 அடி ப்ளைவுட்டில் ஓவல் போட்டிருக்கிறேன். வளைவு 18 அங்குல ரேடியஸ். எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறது, ஐ.சி.எஃப். (பெரம்பூர் தொழிற்சாலை) பயணிகள் பெட்டிகள் மட்டும் வளைவில் தடம் இறங்கிவிடுகின்றன. பெட்டியில் குறையா? (கல்லூரி மாணவர், சேலம்)

தம்பி, பெட்டியில் குறை இல்லை, கணக்கில்தான். ஐ.சி.எஃப். பெட்டி நிஜத்தில் 21.3 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 24.5 செ.மீ. வளைவின் ரேடியஸ் பெட்டி நீளத்தைப் போல் இரண்டரை மடங்காவது இருந்தால்தான் நம்பி ஓட்டலாம் என்பது இந்தப் பொழுதுபோக்கில் பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பார்க்கவும் அழகாக இருக்க வேண்டுமென்றால் மூன்று மடங்கு. இரண்டரை மடங்கு என்றாலே 61 செ.மீ., அதாவது 24 அங்குலம். உங்கள் பலகையின் அகலமே 122 செ.மீ.தான், 24 அங்குல வளைவு போட்டால் தண்டவாளம் பலகையின் விளிம்பில் வந்து நிற்கும். அந்தப் பலகையில் உங்களால் 21, 22 அங்குலத்தைத் தாண்ட முடியாது.

அதனால் மூன்று வழிகள்தான். நீளம் குறைந்த பெட்டிகளையும் நான்கு சக்கர வேகன்களையும் மட்டும் ஓட்டலாம். இல்லையென்றால் 'N' என்ற சிறிய அளவுக்கு, 1:160-க்கு மாறலாம். அதில் இதே பெட்டி 13.3 செ.மீ.தான், அந்தப் பலகை தாராளமாகப் போதும். மூன்றாவது, ஓவலை விட்டுவிட்டு என்னைப் போல் சுவரோரம் நேர்கோட்டில் போவது. வண்டி வரும், நிற்கும், ஷண்டிங் நடக்கும், திரும்பிப் போகும். சுற்றிச் சுற்றி ஓடுவதைவிட இதில் எனக்கு அலுப்பே வரவில்லை.

பலகையை மாற்றும் முன் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். ஒன்று, எடை. எச்.ஓ. பெட்டிக்கு 28 கிராமோடு, ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 14 கிராம் சேர்க்க வேண்டும் என்பது அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரை. உங்கள் பெட்டிக்கு ஏறத்தாழ 165 கிராம் வரும். தராசில் வைத்துப் பாருங்கள். குறைந்தால் தரைப்பகுதியில் நட்டு, வாஷர் ஒட்டிச் சமன் செய்யுங்கள். இரண்டாவது, இணைப்புகள். விளக்கை அணைத்துவிட்டு, பலகை மட்டத்துக்குக் கண்ணை இறக்கி, டார்ச்சைத் தண்டவாளத்தின் தலைமேல் படுக்கவைத்து அடியுங்கள். ஜாயினர் (இரண்டு தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சின்னத் தகடு) இருக்கும் இடத்தில் ஒளிக்கோடு சட்டென்று ஒடிந்தால் அங்கே முனை வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. நகத்தால் தடவினாலும் தட்டுப்படும். என் மெயின் லைனில் பகலில் கண்ணுக்குத் தெரியாத நான்கு ஒடிவுகளை இப்படித்தான் பிடித்தேன். வளைவில் வரும் இணைப்பை, தண்டவாளம் நேராக இருக்கும்போதே பற்றவைத்துவிட்டுப் பிறகு வளைத்தால் ஒடிவே வராது.

ப்ளைவுட்டில் நேரடியாக ஆணியடித்திருக்கிறோம். வண்டி ஓடினால் மிக்ஸி ஓடுவது போல் சத்தம். (இல்லத்தரசி, கும்பகோணம்)

பலகையே தவில் மாதிரி அதிர்கிறது. அடியில் 5 மி.மீ. கார்க் ஷீட், கிடைக்காவிட்டால் ஈ.வி.ஏ. ஃபோம் போடுங்கள். ஆணியை எடுத்துவிட்டு, ஜன்னல் ஓரத்து இடைவெளி அடைக்கிற அக்ரிலிக் சீலண்ட்டை மெல்லிய படலமாகத் தடவி ஒட்டுங்கள். காய்ந்த பிறகும் கொஞ்சம் இளக்கமாக இருக்கும். தப்பாக ஒட்டிவிட்டால் புட்டி பிளேடு விட்டுத் தண்டவாளத்தைச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம்.

சார், ஜல்லி கொட்டி ஃபெவிகால் ஊற்றினால் குழிகுழியாகிறது, உருண்டு திரள்கிறது, காய்ந்தபின் வெள்ளை படிகிறது. எந்த ஜல்லி, என்ன விகிதம்? (வங்கி ஊழியர், மதுரை)

முதலில் ஜல்லியின் பருமன். நம் ரயில்வே போடுவது ஏறத்தாழ 20 முதல் 65 மி.மீ. வரையான கருங்கல் ஜல்லி. 87-ஆல் வகுத்தால் கால் மி.மீ. முதல் முக்கால் மி.மீ. வரை. பலரும் இதைவிடப் பெரிதாகப் போட்டுவிடுகிறார்கள். அப்போது ஸ்லீப்பருக்கு நடுவே பாறை கிடப்பது போல் தெரியும். நான் கிரஷர் தூளைக் கழுவிக் காயவைத்து இரண்டு முறை சலிக்கிறேன். டீ வடிகட்டியில் இறங்குவதை எடுத்துக்கொண்டு, அதை மெல்லிய வெள்ளை வேட்டித் துணியில் போட்டு உதறினால் மாவு பறந்துவிடும், மணி நிற்கும். பிறகு பாலித்தீன் பையில் ஒரு காந்தத்தைப் போட்டு ஜல்லிக்குள் துழாவுங்கள். ஒட்டிக்கொள்ளும் கறுப்புத் துகள்களை எறிந்துவிடுங்கள். அவை எஞ்சின் மோட்டாருக்குள் இழுக்கப்பட்டால் மோட்டார் போய்விடும். ஆற்று மணலில் இது இன்னும் அதிகம்.

குழி விழுவதற்குக் காரணம், காய்ந்த ஜல்லி தண்ணீரை உள்ளே விடுவதில்லை. சொட்டு மேலேயே முத்தாக நின்று, ஜல்லியையும் சுருட்டிக்கொண்டு உருளும். ஆகவே பசைக்கு முன் ஈரம். ஜல்லியைக் கொட்டி, மெத்தென்ற பெயிண்ட் பிரஷ்ஷால் ஸ்லீப்பர் மேலிருப்பதைத் தட்டித் தட்டி இறக்குங்கள். ஒரு மணியாவது தண்டவாளத்தின் உள்விளிம்பில் ஒட்டியிருந்தால் சக்கர விளிம்பு அதில் ஏறும். அடுத்து, அரை லிட்டர் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் நான்கைந்து சொட்டு விட்டு, ஸ்பிரே பாட்டிலை மேல்நோக்கிப் பிடித்து, தூறல் போல் விழச் செய்யுங்கள். ஜல்லி கறுத்து நனைந்து தெரிய வேண்டும். அதன்பின் ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, அதே திரவம் இரண்டு சொட்டு. ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, தண்டவாளங்களுக்கு நடுவில் ஸ்லீப்பரைத் தொட்டாற்போல் விடுங்கள். நனைந்த ஜல்லி பசையை அடிவரை தானே இழுத்துக்கொள்ளும். பால் நிறம் மேலே வந்து நின்றால் போதும். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். வெள்ளை படிவது தண்ணீர் குறைந்த பசையால். சற்று நீர்க்க விட்டால் அது மறையும்.

பாயிண்ட் (ஒரு தடம் இரண்டாகப் பிரியும் இடம்) அருகே மட்டும் இந்த முறை வேண்டாம். லூப் லைன் பாயிண்ட்டில் நான் சிரிஞ்ச் பிடித்த அன்று, ஒரு சொட்டு நகரும் நாக்குக்கு அடியில் ஓடிவிட்டது. மறுநாள் காலையில் நாக்கு இறுகிப்போயிருந்தது. வெந்நீர் விட்டு ஊறவைத்து, பல்குச்சியால் ஒவ்வொரு மணியாகக் கிளறி எடுக்க மூன்று மாலைகள் ஆயின. இப்போதெல்லாம் நாக்குக்கு ஒரு துளி மெஷின் ஆயில் தடவிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் பசையைப் பிரஷ்ஷால் முதலில் தடவி, மேலே ஜல்லியை விரலால் தூவுகிறேன். நாக்கு நகரும் இடத்தில் ஜல்லி ஒரே அடுக்குதான்.

ஜல்லிக்கு முன்னால் தண்டவாளத்தின் பக்கவாட்டுக்கு வண்ணம் அடித்துவிடுங்கள். நிக்கல் சில்வரின் பளபளப்பு போய், செங்காவி கலந்த பழுப்பு வந்தால்தான் நம் ஊர் லைன் மாதிரி தெரியும். தலையில் பட்ட வண்ணத்தை உலரும் முன் துடைக்க வேண்டும்.

கடைசி ஆறடியில் வண்டி தளர்ந்து போகிறது. டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்க வேண்டுமா? (பேராசிரியர், திருநெல்வேலி)

வேண்டாம் ஐயா. மின்சாரம் ஜாயினர் வழியாகத்தான் தூரத்துக்குப் போகிறது; ஜாயினர் தளர்ந்தோ கறுத்தோ போனால் அங்கே வோல்ட் விழும். பலகைக்கு அடியில் முழு நீளத்துக்கும் 1.5 சதுர மி.மீ. வீட்டு வயரிங் ஒயர் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று ஓட்டுங்கள். ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்திலிருந்தும் ஒரு சாண் மெல்லிய ஒயர் இறக்கி அதில் பற்றவைத்துவிடுங்கள். அந்தத் தாமிர ஒயரின் தடை கிலோமீட்டருக்கு 12 ஓம்தான். ஐந்து மீட்டர் போய்வந்தாலும் ஒரு ஆம்பியருக்கு 0.12 வோல்ட்டுக்கு மேல் விழாது. பற்றவைக்கும்போது இரு பக்கமும் ஈரப்பஞ்சு வையுங்கள், ஸ்லீப்பர் உருகாது. அமில ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம், ரோசின்தான். டி.சி.சி. (வண்டிகளை டிஜிட்டல் முறையில் ஓட்டும் அமைப்பு) வைத்திருந்தால் கடைசி முனையில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும். துண்டிக்கவில்லையென்றால் வயரிங் இன்னும் போதவில்லை.

கல்லாறு முதல் குன்னூர் வரை நீலகிரி மலை ரயிலைச் செய்ய ஆசை. 12-க்கு 1 ஏற்றத்தை அப்படியே போடலாமா? (தபால் துறை, கோவை)

உங்கள் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் 12-க்கு 1 என்பது 8.3 சதவீதம். நிஜ எஞ்சினே தண்டவாளங்களுக்கு நடுவில் பல்சட்டம் (எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பல் வைத்த சட்டம்) இருப்பதால்தான் ஏறுகிறது. அதுவும் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு. சக்கரப் பிடிப்பை மட்டும் நம்பும் மாதிரி எஞ்சினுக்கு 3 சதவீதம், நாலு பெட்டிக்குமேல் இல்லையென்றால் 4. அதற்கும் இடம் தேவை: ஒரு லைன் மேல் இன்னொன்று கடக்க, பாலத்தின் கனத்தோடு சேர்த்து ஒன்பது செ.மீ. ஏற வேண்டும், 3 சதவீதத்தில் அது மூன்று மீட்டர் ஓட்டம். ஏற்றம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மடிப்பு விழாமல் மெல்ல வளைக்கவும் இன்னும் கொஞ்சம் நீளம் வையுங்கள்.

மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) என்பதால் எச்.ஓ.வின் 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளம் வேண்டாம், 12 மி.மீ. இடைவெளியுள்ள எச்.ஓ.எம். எடுங்கள். ஜெர்மனியின் பேமோ நிறுவனம் சுவிட்சர்லாந்து மீட்டர் கேஜ் ரயில்களை அந்த அளவில் செய்கிறது. நீலகிரி ரயிலின் பழைய எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின்கள் பிறந்ததும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில்தான். செங்குத்தைக் கண்ணுக்குக் காட்ட லைனை ஏற்றாமல் மலையைச் சாயுங்கள்: பின்னால் தேயிலை வரிசைகள் லைனுக்கு எதிர்த்திசையில் இறங்கட்டும், முன்னால் பள்ளம் ஆழமாகட்டும். நடுவில் அழகுக்குப் பல்சட்டம் ஒட்டுவதானால் தண்டவாளத் தலைக்குக் கீழேயே நிறுத்துங்கள். நிஜத்தில் அது சற்று உயர்ந்திருக்கும். இங்கே உயர்ந்தால் எஞ்சினின் அடியில் இடிக்கும்.

மலைக்கு ஸ்பிரே பெயிண்ட் அடித்ததும் தெர்மாகோல் கரைந்து ஓட்டையாகிவிட்டது! (பள்ளி மாணவி, ஈரோடு)

ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் அதைத் தின்றுவிடும், கண்ணு. ரப்பர் சொல்யூஷனும் அப்படித்தான். தெர்மாகோல்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்த பேண்டேஜ் துணியை இரண்டு அடுக்கு போர்த்திக் காயவிட்டு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் அடி. அந்த ஓட்டையை எறிந்துவிடாதே, கல்குவாரியாக்கிவிடலாம்.

வெளிநாட்டு மரங்கள்தான் கிடைக்கின்றன. தென்னை எப்படிச் செய்தீர்கள்? (மென்பொருள் பொறியாளர், சென்னை)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பைன் மரம் நட்டால் டெல்டா எப்படி டெல்டாவாகும்?

தண்டுக்குப் பல இழை மின்ஒயரின் தாமிரத்தை முறுக்கி, மேலே மாஸ்கிங் டேப் சுற்றி, ஃபெவிகாலில் குழைத்த மரத்தூள் பூசுகிறேன். ஈரமாக இருக்கும்போதே பேனாக்கத்தியின் முதுகால் வளையம் வளையமாக அழுத்தினால் மட்டை விழுந்த தழும்பு வந்துவிடும். சாம்பல் வண்ணம், அடியில் கொஞ்சம் பழுப்பு. நேராக நிற்கும் தென்னை வேண்டாம். வாய்க்கால் பக்கம் சாயட்டும்.

மட்டை ஐந்து மீட்டர் என்றால் இங்கே 5.7 செ.மீ. இருபுறமும் பச்சை அடித்த தாளை அந்த நீளத்துக்கு ஒரு விரற்கடை அகலத்தில் இலை வடிவமாக வெட்டி, நடுவே மடித்து, மெல்லிய கம்பியை நரம்பாக ஒட்டி, இரு ஓரத்தையும் கூர்மையான கத்தரியால் சாய்வாக, மயிரிழையாக நறுக்குங்கள். மரத்துக்கு இருபது மட்டை. மேலே உள்ளவை நிமிர்ந்து இளம்பச்சை, நடுவில் உள்ளவை படுத்து, கீழே இரண்டு மூன்று காய்ந்து தொங்க வேண்டும். அந்தக் காய்ந்த மட்டைதான் மரத்தை நம்பவைக்கிறது. ஒரு மரத்துக்கு எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது, இதுவரை பதினான்கு.

உயரத்தில் ஒரு சிக்கல். இருபது மீட்டர் தென்னையை அப்படியே குறைத்தால் 23 செ.மீ. வரும். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அது வண்டியையே சின்னதாக்கிவிடுகிறது. முன்வரிசையில் 15 செ.மீ., பின்னால் 11 என்று வைத்தேன், தூரமும் கிடைத்தது.

வயலுக்குச் சணல் இழை. நாற்றங்கால் 3 மி.மீ., வளர்ந்த பயிர் 10 மி.மீ., துணிச்சாயத்தில் நனைத்தது. ஒரு சாண் வயல் நட மூன்று வாரம்.

ரவை, மைதாப் பசை, டீத்தூள் எல்லாம் பயன்படுத்தலாம் என்கிறார்களே? (ஓய்வு பெற்ற ஆசிரியை, நாகப்பட்டினம்)

நம் ஊருக்கு வேண்டாம் அம்மா. ரவையும் மைதாவும் எறும்புக்கும் கரப்பானுக்கும் சோறு. ஐப்பசி அடைமழையில் டீத்தூள் பூஞ்சை பிடிக்கும். தேங்காய் நார், சணல், மரத்தூள் போதும். நன்றாகக் காயவைத்துப் பசையில் மூழ்கடியுங்கள். பலகை ஐ.எஸ். 710 தர (ஈரம் தாங்கும் மரைன்) ப்ளைவுட்டாக இருக்கட்டும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை ஈரத்தில் ஊதிவிடும், அதோடு தண்டவாளமும் நெளியும்.

பாம்பன் பாலம் முழுவதையும் செய்ய எவ்வளவு இடம் வேண்டும்? (ராமநாதபுரம்)

1914-இல் திறந்த பழைய பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், எச்.ஓ.வில் ஏறத்தாழ 24 மீட்டர், கல்யாண மண்டபம்தான் வேண்டும். ஒரு கர்டர் சுமார் 12 மீட்டர், இங்கே 14 செ.மீ. நடுவில் திறக்கும் பகுதி, இரு புறமும் ஐந்தைந்து கர்டர், கீழே கடல். பார்ப்பவருக்குப் பாம்பன் என்று புரிந்துவிடும்.

தினமும் அரை மணிதான் கிடைக்கிறது. இதில் என்ன முன்னேறும்? (செவிலியர், வேலூர்)

எனக்கும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைப்பது அவ்வளவுதான். காயவேண்டிய வேலையை இரவில் செய்கிறேன்: பசை, பிளாஸ்டர், வண்ணம். நான் தூங்கும்போது அது காய்கிறது. ஒரு நாளைக்கு 20 செ.மீ. ஜல்லி, அதற்குமேல் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை கிடையாது, வண்டி ஓட்டம்தான்: இருப்பதிலேயே மெதுவான எஞ்சின், இருப்பதிலேயே நீளமான பெட்டி. எங்கே தயங்கியதோ அங்கே ஒரு துண்டுத் தாள் ஒட்டிவைப்பேன். திங்கட்கிழமை வேலை அந்தத் தாளில் இருக்கும். ஒரு பகுதியில் இரண்டு வாரம் தாள் ஒட்டாமல் ஓடிய பிறகே அங்கே ஜல்லி போட்டேன்.

இப்போது லூப் லைனின் கிழக்கு முனையில் ஒரு தாள் மிச்சம் இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரைக்கு நேற்றிரவு பிளாஸ்டர் பூசியாயிற்று. சாயங்காலத்துக்குள் காய்ந்தால் மண் நிறம் அடிப்பேன்.