எண்ணெய் வயல் வாங்க எஃகு முதலாளி எதற்கு?

அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் வெளிநாட்டுக் கிளை ஓஎன்ஜிசி விதேஷ், 2005-இல் எஃகு அதிபர் லட்சுமி மிட்டலோடு ஏன் கூட்டுச் சேர்ந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணெய் தோண்டத் தெரிந்தவர் ஒருவர், கதவு திறக்கத் தெரிந்தவர் இன்னொருவர், அவ்வளவுதான். கஜகஸ்தானின் தெமிர்தாவ் எஃகு ஆலையை மிட்டல் 1995-லேயே வாங்கிவிட்டார். அங்கே அவருக்கு அப்போது நல்ல செல்வாக்கு இருந்தது.

கூட்டு நிறுவனத்தின் பங்குக் கணக்கைப் பாருங்கள்: ஓஎன்ஜிசி விதேஷுக்கு 49.98 சதவீதம், மிட்டல் தரப்புக்கு 48.02, மிச்சம் 2 சதவீதம் எஸ்பிஐ தரப்புக்கு. ஓஎன்ஜிசி விதேஷின் பங்கு பாதியைத் தொடாமல் நின்றது தற்செயல் என்று நான் நம்பவில்லை. பாதியைத் தாண்டி அரசு நிறுவனம் என்ற முத்திரை விழுந்தால் கோப்பு மேசை மேசையாக நகரும்; எண்ணெய் வயல் ஏலம் அதுவரை காத்திருக்காது.

சரி, பலன்? நைஜீரியாவில் பிளாக்குகள் (எண்ணெய் தேட ஒதுக்கும் பரப்புகள்) கிடைத்தன, பெரிதாக ஒன்றும் தேறவில்லை. கஜகஸ்தானின் சத்பாயேவ் பிளாக்கில் 25 சதவீதத்துக்கு 2011-இல் ஒப்பந்தம் போட்டபோது ஓஎன்ஜிசி விதேஷ் மிட்டல் இல்லாமல் தனியாகவே கையெழுத்திட்டது.