டவுன்ஸ் வான் ஜான்ட்டின் ஓல்ட் குவார்ட்டர் ஆல்பம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

போன வாரம் இந்த ஆல்பத்தைப் பற்றி நாலு வரி எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பல வருடங்களாக நான் திரும்பத் திரும்பக் கேட்கிற ரெக்கார்டு, அதனால் சந்தோஷமாகவே உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். புதிதாக வந்தவர்களுக்கு: அமெரிக்கப் பாடகர் டவுன்ஸ் வான் ஜான்ட் மேடையில் பாடியதை அப்படியே பதிவு செய்த ஆல்பம் இது, பெயர் ‘லைவ் அட் தி ஓல்ட் குவார்ட்டர், ஹூஸ்டன், டெக்சாஸ்’. 1973 ஜூலையில் பதிவானது, 1977-ல் இரட்டை இசைத்தட்டாக வந்தது. ஒரு குரல், ஒரு கிதார், வேறு வாத்தியம் கிடையாது.

அண்ணா, பாட்டுக்கு நடுவில் கிளிங் கிளிங் என்று சத்தம் வருகிறது. என் ஹெட்போனில் கோளாறா?

ஹெட்போன் நன்றாக இருக்கிறது தம்பி. அது பீர் பாட்டிலும் கிளாஸும் மோதும் சத்தம். ஓல்ட் குவார்ட்டர் ஒரு சின்ன மதுக்கடை. அறுபது பேர் உட்காரக்கூடிய இடத்தில் நூறு பேருக்கு மேல் நெருக்கியடித்து இருந்தார்கள். ஹூஸ்டன் கடலுக்குப் பக்கத்து ஊர், ஜூலைப் புழுக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதில் ஏசியும் வேலை செய்யவில்லை. இவ்வளவுக்கும் பாட்டு ஆரம்பித்ததும் கூட்டம் எப்படி அடங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். ஒரு கிளாஸை மேசையில் வைப்பது தனியாகக் காதில் விழுகிறதென்றால், மற்ற எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சத்தத்தைச் சுத்தம் செய்து எடுத்துவிட்டால் எனக்குப் பாதி ஆல்பம் போய்விடும்.

இவர் யார் சார்? பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

1944-ல் டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரி வயதில் மனநோய் என்று சொல்லி இன்சுலின் அதிர்ச்சி சிகிச்சை கொடுத்தார்கள், அதில் சிறுவயது நினைவுகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. பிறகு ஹூஸ்டனில் லைட்னின் ஹாப்கின்ஸ் என்ற பாடகரின் புளூஸை, அதாவது கறுப்பின அமெரிக்கர்களின் சோக இசையை, கேட்டுப் பாட்டுக்காரராக வளர்ந்தார். குடி அவரை விடவே இல்லை. 1997 ஜனவரி 1-ம் தேதி, 52 வயதில் இறந்தார். கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசையின் பெரிய பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் இறந்ததும் ஒரு ஜனவரி 1-தான்.

ஸ்டுடியோ ஆல்பங்கள் இருக்கும்போது ஏன் எல்லாரும் இந்த நேரடிப் பதிவையே முதலில் கேட்கச் சொல்கிறீர்கள்?

அவருடைய முதல் ஆல்பத்தை, 1968-ல் வந்ததை, ஒருமுறை கேளுங்கள், புரிந்துவிடும். அருமையான பாட்டுகள், ஆனால் ஏகப்பட்ட அலங்காரம். அவருக்கே திருப்தி இல்லை. அதிலிருந்து சில பாட்டுகளை அடுத்த வருடமே எளிமையாகத் திரும்பப் பதிவு செய்தார். ‘வெயிட்டிங் அரவுண்ட் டு டை’ அவற்றில் ஒன்று. ஓல்ட் குவார்ட்டரில் அதே பாட்டு இன்னும் உரிந்து, எலும்பாக நிற்கிறது. அவர் குரல் பெரிய குரல் இல்லை. மெலிந்த, கொஞ்சம் மூக்கால் வரும் குரல். அதனால்தான் பக்கத்தில் வேறெதுவும் இல்லாதபோது ஒவ்வொரு சொல்லும் போய்த் தைக்கிறது. என்னைக் கேட்டால் இவர் பாட்டுகளுக்கு இந்த அறைதான் சரியான ஸ்டுடியோ.

‘பாஞ்சோ அண்ட் லெஃப்டி’யில் லெஃப்டி காட்டிக்கொடுத்தானா இல்லையா? வீட்டில் தினமும் சண்டை!

பாட்டு எங்கேயும் நேராகச் சொல்லவில்லை. கொள்ளைக்காரன் பாஞ்சோ மெக்சிகோவில் செத்துவிழுகிறான். அதே நாளில் அவன் கூட்டாளி லெஃப்டி அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக்குக் கிளம்புகிறான். போகக் காசு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். கூட்டுவது நம் வேலை.

காட்டிக்கொடுத்தான் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கப்புறம் வருவதுதான் பெரிய விஷயம். அந்த ஓஹையோவின் கிளீவ்லாந்து நகரில் மலிவான ஓட்டல் அறையில், குளிரில், லெஃப்டி கிழவனாகிக் கிடக்கிறான். பாஞ்சோவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள், லெஃப்டிக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்கிறது பாட்டு. துரோகிக்காகவும் இரக்கம் கேட்கிற அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். 1983-ல் வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகர்டும் சேர்ந்து பாடி இதை அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் நல்ல பதிவுதான், ஆனால் இங்கே ஒரு சின்ன அறிவிப்பு முடிந்ததுமே முதல் பாட்டாக இதை எடுக்கிறாரே, அந்தத் துணிச்சல் வேறு.

ஒரே சோகமாக இருக்கிறது. முழுசாகக் கேட்க முடியவில்லை.

உண்மைதான், கனமான பாட்டுகள். அதனால்தான் நடுவில் ஜோக் சொல்கிறார். ‘ஃப்ரெட்டர்னிட்டி புளூஸ்’ வரும்போது கூட்டம் விழுந்து விழுந்து சிரிப்பதைக் கேளுங்கள். ‘மிஸ்டர் மட் அண்ட் மிஸ்டர் கோல்ட்’ ஒரு சீட்டாட்டக் கதை. ராஜாவும் ராணியும் ஜாக்கியும் ஆட்களாக மாறி நடமாடுவார்கள், நாக்கு சுளுக்குகிற வேகம். ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். ஒரு ராத்திரிக்கு இசைத்தட்டின் ஒரு பக்கம் போதும்.

பதிவான பிறகு ஆல்பம் நான்கு வருடம் ஏன் கிடப்பில் கிடந்தது?

அப்போது அவர் பாட்டுகளை வெளியிட்டுவந்த பாப்பி நிறுவனம் நொடித்துப்போனது. அதை நடத்தியவரே பிறகு டொமேட்டோ என்று புது நிறுவனம் தொடங்கி இதை வெளியிட்டார்.

கிதார் கற்றுக்கொள்கிறேன் அண்ணா. அவர் மாதிரி வாசிக்க எங்கே ஆரம்பிப்பது?

கட்டைவிரலில். சி கார்டைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் கம்பி, நாலாம் கம்பி, மறுபடி ஐந்து, நாலு என்று கட்டைவிரல் மட்டும் நடக்கட்டும். ஒரு வாரம் மற்ற விரல்களைத் தொடாதீர்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் யாரிடமாவது பேசிப் பாருங்கள். பேச்சில் கட்டைவிரல் தடுமாறாமல் இருந்தால், மெல்லிய கம்பிகளுக்கு ஆள்காட்டி விரலைக் கொண்டுவரலாம். நான் அவசரப்பட்டு எல்லா விரலையும் ஒன்றாகச் சேர்த்து ஆறு மாதம் வீணடித்தேன்.

அந்தக் கடை இன்னும் இருக்கிறதா?

ஹூஸ்டன் கடை மூடிப் பல காலம் ஆகிறது. அதை நடத்திய ரெக்ஸ் பெல் 1990-களில் கால்வெஸ்டன் தீவில் அதே பெயரில் இன்னொன்று திறந்தார். ஆல்பத்தில் ‘ரெக்ஸஸ் புளூஸ்’ என்று ஒரு பாட்டு வருகிறதே, அந்த ரெக்ஸ் இவர்தான்.

என் அப்பாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். அவருக்கு எந்தப் பாட்டைப் போடலாம்?

‘இஃப் ஐ நீடட் யூ’. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். எனக்கு நீ வேண்டுமென்றால் வருவாயா என்று கேட்கிற பாட்டு, அவ்வளவுதான். கனவில் முழுசாக வந்தது, எழுந்ததும் எழுதிவைத்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். நடுவில் லூப், லில் என்று இரண்டு பெயர் வரும்; அப்பா யாரென்று கேட்டால், அவை கிளிகள் என்று சொல்லுங்கள்.