கணவர் இறந்தபின் குழுக் கடன், நின்றுபோன உரிமைத் தொகை: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. மூன்றாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் இரண்டு பிள்ளைகள். வீட்டிலேயே தையல் வேலை. என் பேரில் மூன்று குழுக் கடன், அவர் பேரில் ஒரு பைனான்ஸ் கடன். கொஞ்சம் நகை அடகில் இருக்கிறது. மகளிர் உரிமைத் தொகையும் சில மாதமாக வரவில்லை. டியூ கட்ட இன்னொரு லோன் எடுக்கலாமா?

பதில்:

வேண்டாம். மற்றதை அப்புறம் பேசலாம், இன்னொரு லோன் மட்டும் எடுக்காதீர்கள். நானும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தையல் மெஷினை நம்பிக் குடும்பம் நடத்துகிறவள்தான், ஈரோடு பக்கம். என் வீட்டுக்காரர் தவறியபோது எங்களுக்கும் குழுக் கடன் இருந்தது. செவ்வாய்க்கிழமை தவணை வசூலிக்கும் சென்டர் மீட்டிங் என்றால் திங்கள் ராத்திரியே தூக்கம் போய்விடும் என்பது எனக்குத் தெரியும்.

கையில் வரும் பணம் முதலில் யாருக்குப் போக வேண்டும் என்பதை வாசலில் வந்து நிற்கிறவர் முடிவு செய்யக் கூடாது. நான் சொல்ல வருவதில் பெரிய விஷயம் இதுதான். அரிசி பருப்பு, வாடகை, கரண்ட் பில், பிள்ளைகளின் படிப்பு, மெஷினுக்கு நூலும் ரிப்பேரும். இவற்றை எடுத்து வைத்துவிட்டு மிஞ்சுவதுதான் கடனுக்கு. கடன்களிலும் அதிகம் சத்தம் போடுவதற்கு முதலிடம் கொடுத்துவிடுகிறோம். உங்கள் நகைக் கடன் சத்தமே போடாது. ஒரு நோட்டீஸ் வரும், அப்புறம் நகை ஏலத்துக்குப் போய்விடும். அதற்கு வட்டியையாவது கட்டிப் புதுப்பித்து வையுங்கள். குழுக் கடனுக்கு ஈடாக நீங்கள் எந்தச் சொத்தையும் எழுதிக் கொடுக்கவில்லை. சத்தம் பெரிதாக இருந்தாலும் அது கொஞ்சம் காத்திருக்கலாம்.

இப்போது பீரோவில் இருக்கும் காகிதங்களை எல்லாம் எடுங்கள். முதலில் மூன்று லோன் கார்டுகள். கடன் கொடுக்கும்போது பிடித்த தொகையில் இன்சூரன்ஸ் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். குழுக் கடன்களில் பெரும்பாலும் கடன் வாங்கிய பெண்ணோடு கணவரையும் சேர்த்தே காப்பீடு செய்திருப்பார்கள். அப்படி இருந்தால் அவர் இறந்த தேதியில் இருந்த பாக்கியை இன்சூரன்ஸ் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். என் கடன்களில் ஒன்று அப்படித்தான் முடிந்தது. வசூலுக்கு வந்தவர் கடைசி வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, குழுவில் இருந்த ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும். இறப்புச் சான்றிதழ் நகலோடு நேராகக் கிளைக்குப் போய் எழுத்தில் கேளுங்கள். எட்டு மாதம் கழித்து வந்தால் எப்படி என்பார்கள். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கிளைமைத் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சொல்லியிருக்கிறது.

அடுத்து அவருடைய பாஸ்புக். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருக்கிறார்களா? அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, விபத்தில் இறந்திருந்தால் 2 லட்சம். கணக்குத் தொடங்கும்போது நீட்டிய பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமலே எத்தனையோ பேர் போய்விடுகிறார்கள். பாஸ்புக்கைப் பதிவு போட்டு ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

அவர் வாங்கிய பைனான்ஸ் கடனுக்கு வருகிறேன். நீங்கள் ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கையெழுத்தோ போடவில்லை என்றால், அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் அந்தக் கடனை வசூலிக்க முடியும். மனைவி என்பதற்காக உங்கள் கூலியிலிருந்து கட்ட வேண்டிய கடமை கிடையாது. "பொண்டாட்டிதானே கட்டணும்" என்று அதட்டுவார்கள். புதிதாக எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுச் செக் கொடுக்காதீர்கள். போட்டுவிட்டால் அது உங்கள் கடன் ஆகிவிடும்.

வசூலுக்கு வருகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்மை இன்னொரு லோனுக்குத் துரத்துவது அந்தப் பயம்தான். குழுக் கடன்களுக்கான ரிசர்வ் வங்கி விதிகள் 2022 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கின்றன. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, சொந்தக்காரர்களையோ வேலை செய்யும் இடத்தையோ தொந்தரவு செய்யக் கூடாது. பேசி வைத்த பொது இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறையாவது நீங்கள் அங்கே வராமல் இருந்தால்தான் வீட்டுக்கே வரலாம். அதனால் பணம் இல்லாவிட்டாலும் மீட்டிங்குக்குப் போய் உட்காருங்கள். முடிந்ததைக் கொடுத்துக் கார்டில் பதியச் சொல்லுங்கள். அபராதமும் தவறிய தவணைக்கு மட்டும்தான் போடலாம், மொத்தக் கடனுக்கும் கிடையாது.

இன்னொரு விதியும் உண்டு. எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும் அளவுக்குக் கடன் கொடுக்கவே கூடாது. கடைசியாகக் கடன் கொடுத்தவர் அதைக் கவனித்தாரா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தாண்டியிருந்தால் புகாரில் அதையும் எழுதுங்கள். முதலில் அந்தக் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எப்படி என்று 14448-ல் தமிழிலேயே கேட்கலாம்.

என்னிடம் ஒருவர் மெஷினைத் தூக்கிப் போகிறேன் என்றார். பாதி தைத்த ஜாக்கெட் மெஷினிலேயே கிடந்தது, பெரிய பையன் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். நான் அன்றே மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு அங்கே வருமானம் எதுவும் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். 15100-ல் போனிலும் கேட்கலாம். அங்கே இருந்த வக்கீலம்மா சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்: கோர்ட்டே ஜப்திக்கு உத்தரவு போட்டாலும் சமையல் பாத்திரம், உடுத்தும் துணி, படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள் இவற்றைத் தொட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு. மெஷினையே அடமானமாக எழுதிக் கொடுக்காத வரைக்கும் அது உங்களுடையது. கோர்ட்டுக்கே இல்லாத அதிகாரம் வசூலுக்கு வருகிறவருக்கு எங்கிருந்து வரும்? கடன் கட்ட முடியாததற்காகப் போலீஸ் வந்து பிடித்துப் போகவும் மாட்டார்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று யாராவது வந்தால் 2003-ல் இருந்தே தமிழ்நாட்டில் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, மூன்று வருடம் வரை சிறை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி விதி வசூலுக்கு வருகிறவரைத்தான் கட்டுப்படுத்தும். "உன்னால எங்களுக்கு அடுத்த லோன் வராது" என்று திண்ணையில் வந்து உட்காரும், அதே குழுவில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது. எனக்கு அதிகம் வலித்தது அதுதான். டியூ தேதி வருவதற்கு முன்பே குழு லீடரிடம் போய், இந்த மாதம் இவ்வளவுதான் முடியும் என்று தொகையோடு சொல்லிவிடுங்கள். கோபப்படுவார்கள். ஆனாலும் தேதியன்று போனை அணைத்து வைப்பதை விட இது நல்லது.

உரிமைத் தொகை. திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியபோதே தெரிந்த சிக்கல்தான் இது. வந்துகொண்டிருந்த பணம் நின்றால், பெயரை நீக்கிவிட்டார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பணம் உங்கள் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போயிருக்கலாம். எனக்கு அப்படித்தான் நடந்தது. சிம் கார்டு வாங்கும்போது செல்போன் கடையில் விரல் வைத்து ஒரு கணக்குத் திறந்திருக்கிறார்கள், பணமெல்லாம் அதில் கிடந்தது. எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்று இ-சேவை மையத்திலோ வங்கியிலோ பார்த்துச் சொல்வார்கள். எந்தக் கணக்கிலும் வரவில்லை என்றால் தாலுகா ஆபீஸில் காரணம் கேளுங்கள். காரணம் தவறாக இருந்தால் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யுங்கள்.

அந்தப் பணம் வரும் கணக்கும் லோன் தவணை தானாகப் பிடிக்கும் கணக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. இருந்தால் பிள்ளைகளுக்கு வந்த ஆயிரம் ரூபாயைத் தவணையும் பவுன்ஸ் சார்ஜும் விழுங்கிவிடும். குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைக் கணக்கு ஒன்று திறந்து, ஆதாரை அதற்கு மாற்றுங்கள்.

ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் மாதம் 1200 ரூபாய். ஆனால் 2023-ல் வந்த விதிப்படி அதை வாங்குகிறவருக்கு உரிமைத் தொகை கிடையாது. இரண்டும் சேர்ந்து வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் உங்களுக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். தந்தையை இழந்து தாயின் வருமானத்தில் வளரும் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமமாக இருந்தால் 72,000, நகரமாக இருந்தால் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று கேளுங்கள், பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருக்கும். இடம் தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஒரு குழு பார்த்துத்தான் ஒப்புதல் தருவார்கள், நிதி வருவதைப் பொறுத்துத் தாமதமும் ஆகும். விண்ணப்பம் கொடுத்துவைத்தால்தான் வரிசையிலாவது இருப்போம்.

ராத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றினால் மனநல ஆலோசனைக்கான 104 அல்லது 14416-க்குக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். நானும் அப்படி ஒரு ராத்திரியில் பேசியிருக்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போங்கள். இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல். உரிமைத் தொகைக்கு ஒரு மனு, பிள்ளைகளுக்கு ஒரு மனு. இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள், ஏதாவது ஒரு ஆபீஸில் தங்கிவிடும். மனு எண் போட்ட ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். மூன்று லோன் கார்டிலும் இன்சூரன்ஸ் வரியில் என்ன இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், கிளைக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.