இரும்புச்சத்து டானிக்கும் இளங்குட்டிகளும்: கேள்வி-பதில்

கேள்வி: சினையாக இருந்த வெண்பன்றிக்கு ஒரு டானிக் கொடுத்தேன். "இதைக் கொடுத்தால் குட்டிகளுக்கு இரும்பு ஊசியே வேண்டாம்" என்றார் கடைக்காரர். ஊசி போடவில்லை. மூன்றாவது வாரம் குட்டிகள் வெளுத்து, மூச்சிரைத்து, நான்கு செத்துவிட்டன. என் தவறா? (வாசகி, நாமக்கல் மாவட்டம்)

பதில்: இல்லையம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்தப் பொய்யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிறக்கும்போது குட்டியின் உடம்பில் இருப்பு சுமார் 50 மில்லிகிராம் இரும்பு. தினத்தேவை 7 மில்லிகிராமாவது இருக்கும். பாலில் கிடைப்பதோ 1 மில்லிகிராம் அளவுதான். தாய்க்கு எவ்வளவு இரும்பு ஊட்டினாலும் நஞ்சுக்கொடி வழியாகவோ பால் வழியாகவோ குட்டிக்குப் போய்ச் சேருவது சொற்பம். மண்ணைக் கிளறும் குட்டிக்கு மண்ணிலிருந்து கொஞ்சம் கிடைக்கும். சிமெண்ட் தரையில் அதுவும் கிடையாது. பிறந்த மூன்றாம் நாளையொட்டி 200 மில்லிகிராம் இரும்பு டெக்ஸ்ட்ரான் ஊசி போடச் சொல்வது இதனால்தான். மீதிக் குட்டிகளை இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இறப்புக்கான காரணத்தை அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். புட்டியையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். "பண்ணைக்காரர் நுகர்வோர் ஆகமாட்டார்" என்று கடைக்காரர் வாதிடலாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்குபவரும் நுகர்வோரே என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

கேள்வி: மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையைச் சினைப்பன்றிக்கும் போடலாமா?

பதில்: வேண்டாம். இரண்டுக்கும் தேவைப்படும் அளவுகள் வேறு.

கேள்வி: சலுகை விலையில் 25 கிலோ தாது உப்புப் பை வாங்கினேன். பில் இல்லை. முக்கால் பை தீர்ந்த பிறகுதான் பார்த்தேன், காலாவதி நாள் எப்போதோ முடிந்திருந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: எதைக் காட்டிக் கேட்பீர்கள்? பில் இல்லை, பையும் காலியாகப் போகிறது. தேதி பையின் மேலேயே அச்சாகியிருந்தது, பிரிக்கும் முன் ஒரு முறை படித்திருக்கலாம். என் ஆடுகளுக்கு ஒரு கடையில் கொடுத்த பையில் தொகுதி எண்ணே இல்லை. உள்ளே வெறும் உப்பும் சுண்ணாம்புத் தூளும். அதிலிருந்து தொகுதி எண், காலாவதி நாள், உட்பொருள் அளவு மூன்றும் அச்சிடாத பையை நான் வாங்குவதில்லை. மிச்சத்தைப் பன்றிக்குப் போடாதீர்கள்.

கேள்வி: இனச்சேர்க்கைக்கு முன் விலையுயர்ந்த புரதப் பொடி கொடுத்தால் குட்டிகள் கூடுமாமே?

பதில்: பொடி தேவையில்லை. இளம்பன்றிக்கு இனச்சேர்க்கைக்கு முந்தைய 10 முதல் 14 நாள் வழக்கமான தீவனத்தையே கூட்டிப் போடுங்கள், கருமுட்டைகள் கூடும். சேர்க்கை முடிந்ததும் பழைய அளவுக்கு இறக்குங்கள். சினைக்காலத்தில் கொழுத்துப்போன தாய்க்கு ஈனுவது சிரமம். ஈன்ற பிறகு சரியாகத் தின்னாது, பாலும் குறையும்.

கேள்வி: பிறந்த குட்டிகளுக்கு எதிர்ப்புச் சக்தி தரும் சொட்டு மருந்தில் எது நல்லது?

பதில்: சீம்பால். பன்றியின் நஞ்சுக்கொடி எதிர்ப்பணுக்களைக் குட்டிக்குக் கடத்தாது. பிறந்த முதல் சில மணி நேரத்திலேயே ஒவ்வொரு குட்டியும் மடியில் குடிக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் கழிந்தால் அதன் குடல் அவற்றை உறிஞ்சாது. சொட்டு மருந்துக் காசில் கதகதப்புக்கு ஒரு விளக்கு வாங்கிக் கட்டுங்கள்.