பாட்டி ஏன் பேசாம மென்னுக்கிட்டே இருக்காங்க? (வாசகர் கடிதமும் பதிலும்)

அண்ணா வணக்கம்,

ஸ்டாப் மோஷன் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி ஒவ்வொரு படமா எடுக்கறது) பத்தி நீங்க எழுதின எல்லாத்தையும் படிச்சிட்டு இப்ப நானே ஒரு சின்னப் படம் பண்ணிட்டு இருக்கேன். பிளாஸ்டிசின் களிமண்ல செஞ்ச ஒரு பாட்டி, ஒரு பேரன், ரெண்டே கேரக்டர்தான். பேரன் வாயே திறக்க மாட்டான், பிரச்சனை பாட்டிதான். ஸ்கிரிப்ட்ல "பெட்டியைப் பிடித்துக்கொள், மரத்தில் ஏறுகிறேன், கவனம்"னு இருந்துச்சு. குரல் குடுத்தவங்க அதை "பொட்டியப் புடிச்சுக்க, மரத்துல ஏறுறேன், கவனம்"னு இயல்பா பேசிட்டாங்க, அதுதான் நல்லாவும் இருந்துச்சு, வச்சுக்கிட்டேன். உயிர் 12, மெய் 18னு எழுத்துக்கு ஒண்ணா மொத்தம் 30 வாய் செஞ்சு, ஸ்கிரிப்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா மாத்தி ஒட்டி ஷூட் பண்ணேன், டூஸ்லதான் (ஒரு படத்தை ரெண்டு ஃப்ரேம் நிக்க வச்சு). ப்ளே பண்ணிப் பார்த்தா பாட்டி பேசல, எதையோ மென்னுக்கிட்டே இருக்காங்க. இன்னும் வாய் கூட்டணுமா? இல்ல இதெல்லாம் விட்டுட்டு கம்ப்யூட்டர்ல வாயை வரைஞ்சு ஒட்டிடலாமா? பெரிய ஸ்டுடியோல எல்லாம் எப்படிப் பண்றாங்க?

அன்புடன்,
(பெயர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

*

வணக்கம் தம்பி,

கூட்ட வேண்டாம், குறைங்க. 30 வாயை ஒரு 9, 10க்குக் கொண்டு வாங்க. அதைவிட முக்கியமா அந்த ஸ்கிரிப்டை எடுத்து உள்ள வச்சிடுங்க, ஷூட் பண்ற இடத்துல அது கண்ணுலயே படக்கூடாது.

மெல்லுற மாதிரி ஏன் இருக்குன்னா, நாம சாதாரணமா பேசறப்பவே விநாடிக்கு நாலஞ்சு அசை வந்துடும், தனித்தனி ஒலின்னு எண்ணினா பத்துக்கு மேல போகும். நீங்க டூஸ்ல எடுக்கறீங்க, அதாவது விநாடிக்கு 24 ஃப்ரேம்ல 12 படம்தான். எழுத்துக்கு ஒரு வாய்னு வச்சா கிட்டத்தட்ட ஒவ்வொரு படத்துக்கும் வாய் மாறுது, எந்த வாயும் கண்ணுல பதியற அளவுக்கு நிக்கறதே இல்ல, திறந்து மூடி திறந்து மூடின்னு ஒரே வேகத்துல ஆடிக்கிட்டே இருக்கு. நிஜ வாய் அப்படி வேலை செய்யாது. ஒரு எழுத்தைச் சொல்லிக்கிட்டிருக்கும்போதே அடுத்த எழுத்துக்கு உதடு தயாராயிடும், நடுவுல இருக்கற பாதி ஒலி வெளில தெரியாமலே போயிடும். கேமராவுக்குத் தெரியறது ரொம்பக் கொஞ்சம்: உதடு மூடுதா, குவியுதா, விரியுதா, தாடை எவ்வளவு இறங்குது, பல்லு தெரியுதா. ழ, ள, ண, ட எல்லாம் நாக்கு உள்ளுக்குள்ள மடங்கிச் செய்யற வேலை, அதுக்குத் தனி வாய் செய்யறது வீண். க, ங இன்னும் பின்னாடி, தொண்டைப் பக்கம்.

இந்தக் கணக்கைத் தொல்காப்பியம் பிறப்பியல்லயே போட்டு வச்சிருக்காங்க. அ, ஆ வாயைத் திறந்து. உ, ஊ, ஒ, ஓ, ஔ அஞ்சும் இதழ் குவிஞ்சு. ப, ம ரெண்டும் உதடும் உதடும் சேர்ந்து. வ பல்லும் உதடும் சேர்ந்து. வெளில தெரியறதை மட்டும் அதுலருந்து பொறுக்கிக்கிட்டா அனிமேட்டரோட மவுத் சார்ட்ல (எந்த ஒலிக்கு எந்த வாய்ங்கற பட்டியல்) கிட்டத்தட்ட பாதி முடிஞ்சது. மிச்சத்துக்கு இ, ஈ, எ, ஏ-க்கு ஒரு விரிஞ்ச வாய், த, ந, ல-க்கு நாக்கு நுனி லேசா தெரியற ஒரு வாய், ச, ஸ-க்குப் பல்லு சேர்ந்த ஒரு வாய், சும்மா இருக்கற வாய், பாதி திறந்த நடு வாய், அவ்வளவுதான். அந்த நடு வாயை மட்டும் விட்டுடாதீங்க, அதுதான் அதிகமா உழைக்கப் போறது.

இப்ப ஸ்கிரிப்ட் விஷயத்துக்கு வரேன், உங்க படத்துல நிஜமாவே உதைக்கற இடம் இதுதான். குரல் "பொட்டிய"ன்னு சொல்லுது, நீங்க "பெட்டியை"ன்னு எழுதியிருக்கறதைப் பார்த்து எ-க்கு விரிஞ்ச வாய் வச்சிருக்கீங்க, காதுல விழறது குவிஞ்ச ஒ. அடுத்ததா "புடிச்சுக்க", அதுலயும் இ-க்கு விரிஞ்ச வாய் வச்சிருப்பீங்க, காதுல உ. பேச்சுல ப, வ மாதிரி உதட்டு எழுத்துக்கும் ட, ண மாதிரி நாக்கு மடக்கற எழுத்துக்கும் நடுவுல மாட்டற எ, இ இப்படி அடிக்கடி குவிஞ்சிடும், பெண் பொண்ணு ஆகற மாதிரி, வீடு சிலர் வாயில வூடு ஆகற மாதிரி. விரிஞ்ச உதடும் குவிஞ்ச உதடும் நேர் எதிர், அதுல தப்பு வந்தா டிராயிங் தெரியாதவங்களுக்கும் உறுத்தும்.

இன்னும் பெருசு கடைசி எழுத்துல இருக்கு. "கவனம்" மெய்யில முடியுது, ம்னா உதடு மூடணும்னு மூடின வாய் ஒட்டியிருப்பீங்க. ரெக்கார்டிங்கை இன்னொரு தடவை கேளுங்க. இயல்பா பேசறவங்க அந்த இடத்துல பெரும்பாலும் உதட்டை மூடறதே இல்ல, மூக்கொலி கலந்த ஒரு ஓ மாதிரி தொங்கலா விட்டுடுவாங்க, வாய் லேசா குவிஞ்சு திறந்தேதான் இருக்கும். மரம், பணம், வரும், போகும் எல்லாத்துலயும் இதே கதை. மேடைப் பேச்சு மாதிரி அழுத்தித் திருத்திப் பேசினா மட்டும் மூடும். அதே மாதிரி சொல்லோட கடைசில வர்ற உ. "குடுத்து"ன்னு சொல்லிப் பாருங்க கண்ணாடி முன்னாடி, முதல் கு குவியும், கடைசி து குவியாது, உதடு தட்டையா இருக்கும். குற்றியலுகரம்னு பள்ளிக்கூடத்துல மார்க்குக்காகப் படிச்சதுதான், இங்க உண்மையிலயே உதவுது. எனக்கு, வந்து மாதிரி எல்லாத்துலயும் முடிவுல ஊ வாய் ஒட்டிக்கிட்டே போனா பாட்டி ஒவ்வொரு வார்த்தைக்கும் முத்தம் குடுக்கற மாதிரி இருக்கும்.

அதனால காதுல விழறதை மட்டும் எழுதுங்க. டிராகன்ஃப்ரேம்ங்கற ஸ்டாப் மோஷன் சாஃப்ட்வேர் வச்சிருந்தா ஆடியோவை உள்ள போட்டு அதோட எக்ஸ் ஷீட்லயே (ஃப்ரேம் ஃப்ரேமா குறிக்கற அட்டவணை) குறிச்சுக்கலாம், உங்க வாய்களோட படத்தை ஏத்தி ஷூட்டுக்கு முன்னாடியே ஓட்டியும் பார்த்துக்கலாம். இல்லன்னா எந்த எடிட்டிங் சாஃப்ட்வேர்லயும் ஒவ்வொரு ஃப்ரேமா நகர்த்திக் கேட்டு ஒரு நோட்டுல எழுதினாலும் போதும். அடுத்த படத்துக்குக் குரல் பதியறப்போ பேசறவங்க முகத்தைப் போன்ல வீடியோவும் எடுத்து வச்சுக்கோங்க, ம் மூடிச்சா இல்லையான்னு சந்தேகம் வர்ற இடத்துல அது தீர்ப்பு சொல்லிடும். ஒலியைக் கேட்டு வாயைப் போடற தானியங்கி சாஃப்ட்வேர்லாம் இருக்கு, ரூபர்ப் மாதிரி இலவசமாவே. அது 6 அடிப்படை வாய், வேணும்னா இன்னும் 3, அதை வச்சே காலத்தை ஓட்டுது, அதைப் பார்த்தாவது உங்க 30ஐக் கைவிடுங்க. ஆனா அது போடற லிஸ்ட்டை அப்படியே நம்பாதீங்க, முதல் வரைவுன்னு வச்சுக்கிட்டு காதால திருத்துங்க.

எழுதும்போது முதல்ல உதடு மூடற இடத்தை மட்டும் குறிங்க. ப, ம, அவ்வளவுதான். அப்புறம் பெரிய உயிரெழுத்து எங்க நீளுதுன்னு பாருங்க. இந்த ரெண்டும் சரியா விழுந்துட்டா நடுவுல நீங்க என்ன பண்ணாலும் பார்க்கறவங்க மன்னிச்சிடுவாங்க, உதடு மூடாம ப சொன்னா மட்டும் மன்னிக்க மாட்டாங்க. ஏன்னா நாம காதால மட்டும் கேக்கறதில்ல. 1976ல மெக்கர்க், மெக்டொனால்டுன்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணிக் காட்டினாங்க, ba ஒலியை கேக்க விட்டு ga சொல்ற வாயைக் காட்டினா நிறைய பேருக்கு da கேக்குதுன்னு. கண்ணு சொல்றது காதை மாத்திடுது. உங்க வாய் தப்பா இருந்தா குரல் குடுத்தவங்க தப்பா உச்சரிச்ச மாதிரியே கேக்கும், பாவம் அவங்க.

ப விஷயத்துல ஒரு சூட்சுமம் இருக்கு. உதடு மூடியிருக்கறப்போ சத்தமே வராது, திறக்கறப்போதான் அந்த வெடிப்பு வரும். வேவ்ஃபார்ம்ல (ஒலியோட அலைப் படம்) மேடு தெரியற இடத்துல மூடின வாயை வச்சா ஏற்கனவே லேட், மூடல் அதுக்கு முன்னாடி இருக்கற மௌனத்துல இருக்கணும். "பொட்டியப் புடிச்சுக்க"ல நடுவுல இருக்கற அந்த ப் பு இரட்டிக்குது பாருங்க, அங்க தைரியமா 3, 4 ஃப்ரேம் மூடியே வைங்க. ஒத்தை ப, ம-க்கு 2 ஃப்ரேம், அதுக்குக் குறைஞ்சா கண்ணுக்குத் தெரியாது. டூஸ்ல எடுக்கறதால மூடல் சரியா ரெண்டு படத்துக்கு நடுவுல விழுந்து தொலையும், அப்ப முன்னாடி இருக்கற படத்துக்குத் தள்ளுங்க, பின்னாடி தள்ளாதீங்க. ஒரு ஃப்ரேம்ங்கறது கிட்டத்தட்ட 42 மில்லி செகண்ட். ஒளிபரப்புக்கான ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரைல சொல்லியிருக்கற கணக்குப்படி சத்தம் படத்துக்கு 45 மில்லி செகண்ட் முந்தினாலே கண்டுபிடிச்சிடறாங்க, பிந்தினா 125 வரைக்கும் தெரியறதில்ல. தூரத்துல நடக்கறது எதுவா இருந்தாலும் சத்தம் பின்னாடிதானே வருது, அதுக்கு நாம பழகியிருக்கோம். அதனால வாய் ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் முந்தி இருக்கறது எப்பவும் நல்லது.

ஆ வர்ற இடத்துல சட்டுனு திறந்துட்டு மெதுவா மூடுங்க. ரெண்டுக்கும் ஒரே வேகம் குடுத்தா பாட்டி மறுபடி மென்னுக்கிட்டே இருப்பாங்க.

பெரிய ஸ்டுடியோ பத்தி கேட்டிருந்தீங்க. அமெரிக்காவுல ஒரிகான்ல இருக்கற லைக்கா (ரஜினி படம் எடுத்த லைக்கா இல்ல, இது வேற) 2009ல வந்த கோரலைன்ல இருந்து முகங்களை 3டி பிரிண்டர்ல அச்சடிச்சு மாட்டறாங்க, நெத்தி ஒரு துண்டு, வாய் ஒரு துண்டு, ரெண்டையும் மாத்தி மாத்திச் சேர்த்தா லட்சக்கணக்குல முகபாவம். நடுவுல தெரியற கோட்டை கம்ப்யூட்டர்ல அழிச்சிடுவாங்க. அனோமலிசான்னு 2015 படத்துல அந்தக் கோட்டை வேணும்னே அழிக்காம விட்டாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. கார்ப்ஸ் பிரைட் படத்துல வேற வழி, தலைக்குள்ள சின்னச் சின்ன கியர், காது வழியா சாவி விட்டுத் திருப்பினா தோல் அசையும். இதுல எதுவும் உங்களுக்கு இப்ப தேவையில்ல. இங்கிலாந்துல இருக்கற ஆர்ட்மேன் ஸ்டுடியோ ஆளுங்க வாலஸ்ங்கற பொம்மைக்குக் களிமண் வாய்தான் மாத்தி மாத்தி வச்சாங்க, பக்கத்துல இருக்கற நாய் கிராமிட்டுக்கு வாயே கிடையாது, புருவத்தை வச்சே முழு நடிப்பும். உங்க பேரனும் அந்த ஜாதிதான், அவன் புருவத்துல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க.

களிமண் வாய்ல ரெண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கோங்க. பத்து வாயையும் ஒரே கட்டி பிளாஸ்டிசின்ல இருந்து செய்யுங்க, வேற கட்டின்னா லைட்டுக்குக் கீழ நிறம் மாறித் தெரியும். மாட்டற இடத்துல சின்னதா ரெண்டு ஊசியோ காந்தமோ வச்சா ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல உட்காரும், கையால அழுத்தி ஒட்டினா மூக்கு கன்னமெல்லாம் சேர்ந்து துடிக்கும், உங்க மெல்லல்ல பாதி அதுவாகவும் இருக்கலாம்.

கம்ப்யூட்டர்ல ஒட்டறது தப்பில்ல, செய்யறவங்க இருக்காங்க, ஆனா தலை திரும்பற ஒவ்வொரு இடத்துலயும் டிராக் பண்ணணும் (வாயும் தலையோட சேர்ந்து நகரணும்), பொம்மை மேல விழற நிழல் அந்த வாய் மேலயும் விழணும், கைவிரல் தடம் தெரியற முகத்துல வழவழன்னு ஒரு வாய் தனியா நிக்கும். அஞ்சு வார்த்தை வசனத்துக்கு இந்த வேலையெல்லாம் எதுக்கு.

வாய்க்கு முன்னாடி தலையை அனிமேட் பண்ணி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, வாயே இல்லாம. அழுத்தம் விழற வார்த்தைக்கு ரெண்டு மூணு ஃப்ரேம் முந்தி தலை அசையட்டும், கண்ணு அதுக்கும் முந்தி. "மரத்துல ஏறுறேன்"னு சொல்றப்போ அவங்க எப்படியும் மரத்தைத்தானே பார்ப்பாங்க? முகத்தை அந்தப் பக்கம் திருப்பிடுங்க, தோளும் முந்தானையும் பேசட்டும், அங்க உங்களுக்கு வாய் வேலையே கிடையாது. "கவனம்"னு பேரன் பக்கம் திரும்பறப்போ மட்டும் வாயைப் போடுங்க, கடைசில மூடிடாதீங்க.