விரிசலும் வீடும்

அன்புள்ள ஐயா,

ஓர் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறு மாதமாகப் படம் எடுக்கிறேன். உடைந்த படிக்கட்டு, ஒழுகும் சுவர், ஓடாத லிஃப்ட் என்று நிறையச் சேர்ந்துவிட்டது. போன வாரம் இரண்டாம் மாடிப் பெண்மணி ஒருவர், 'எங்கள் வீட்டில் விரிசல் மட்டும்தான் உங்கள் கண்ணில் படுகிறதா?' என்று கேட்டார். அதைக் காட்டாவிட்டால் பொய்யாகிவிடாதா?

கே.

அன்புள்ள கே.,

விரிசலை அவசியம் எடுங்கள். பழுதுபார்க்க வேண்டியவர்கள் அதைப் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் அந்த அம்மாள் கேட்டது வேறு. ஆறு மாதத்தில் ஒருமுறையாவது அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தீர்களா?

அரசுக் குடியிருப்பு என்றதும் பலருக்கு நினைவு வரும் படம், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் புரூயிட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பின் கட்டடங்களை 1972இல் வெடிவைத்துத் தகர்த்த காட்சி. பதினோரு மாடிக் கட்டடங்கள் 33 அங்கே இருந்தன. படத்தில் புழுதி தெரிகிறது. அந்த வீடுகளில் பிள்ளை வளர்த்தவர்கள் தெரிவதில்லை.

ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் குடியிருப்பைப் புகைப்படக் கலைஞர் மைக்கேல் வுல்ஃப் எடுத்த விதத்தைப் பாருங்கள். 1953 தீ விபத்தில் குடிசைகளை இழந்தவர்களுக்காக எழுந்த குடியிருப்பு அது. இடிபடவிருந்த நேரத்தில், 2006இல், அவர் 100 வீடுகளுக்குள் போனார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 சதுர அடி. அறையும் அதில் வாழ்பவரும், அவ்வளவுதான் படம். ஒன்றை மட்டும் பார்த்தால் நெருக்கடிதான் கண்ணை அறைகிறது. பத்து, இருபது என்று பார்க்கப் பார்க்க, அதே அளவுப் பெட்டிக்குள் ஒருவரைப்போல் இன்னொருவர் வாழவில்லை என்பது புலப்படுகிறது. எதை எதன்மேல் அடுக்குவது, எதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது என்று ஒவ்வொருவரும் வருடக்கணக்கில் யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனையைப் படமாக்கியதற்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு.

இன்னொரு புகைப்படக் கலைஞர் புரூஸ் டேவிட்சன் 1960களில் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் ஒரே தெருவை இரண்டு ஆண்டு எடுத்தார். முக்காலியில் நிறுத்தும் பெரிய கேமரா. அதை வைத்துக்கொண்டு ஒளிந்து எடுக்கவே முடியாது. எடுத்த படங்களின் பிரின்ட்டுகளை அந்த மக்களிடமே கொடுத்தார்.

ஒன்றை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள் என்று அஞ்சுகிறேன். வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ஓர் உறவினர், மூலையில் இருக்கும் தையல் இயந்திரம், கதவருகே படுத்திருக்கும் நாய் - உங்களுக்கு இவை அழகான விவரங்கள். விதிமுறைகளைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி பார்த்தால் அந்தக் குடும்பம் வீட்டையே இழக்க நேரலாம். வாசலில் வாங்கிய 'சரி' இதற்கெல்லாம் சேர்த்து அல்ல. வெளியிடுமுன் படத்தைக் காட்டி மறுபடியும் கேளுங்கள்.

அடுத்த முறை கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, இதுவரை எடுத்தவற்றைப் பிரின்ட் போட்டு அந்த அம்மாளிடம் கொண்டுபோங்கள். அவர் வேண்டாம் என்பதை விட்டுவிடுங்கள், அது உங்களுடைய ஆகச் சிறந்த படமாக இருந்தாலும். பிறகு, தன் வீட்டில் எதைப் படம் எடுக்கலாம் என்று அவரையே கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.