சீறும் பூனைக்குட்டியைப் பழக்குவது எப்படி?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கொல்லையில் விறகு அடுக்குக்குள் ஒரு பூனை மூன்று குட்டி போட்டு ஒரு மாதம் தாண்டிவிட்டது. தாய் அடுப்படி வாசல் வரை வந்து சாப்பிடும், தொடவிடாது. குட்டிகள் ஆளைக் கண்டாலே சீறிக்கொண்டு உள்ளே ஓடுகின்றன. ஒன்றை நாங்கள் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தெரிந்தவர்களுக்குக் கொடுக்க நினைக்கிறோம். கோழியை மூடும் பஞ்சாரக் கூடையில் போட்டுக் கவிழ்த்தால் இரண்டு நாளில் பழகிவிடும் என்கிறார் மாமியார். சரிதானா?

பதில்: பஞ்சாரம் வேண்டாம். அதன் சந்து வழியே நாலாபுறமும் ஆள் தெரியும், ஒளிய இடமிருக்காது. ஒளிய முடியாத குட்டி அசையாமல் உட்கார்ந்துவிடும். பார்ப்பவர்கள் பழகிவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் அது பயத்தில் விறைத்துக் கிடக்கிறது. தூக்கிய நொடி ஓடிவிடும். ஆனால் மாமியார் சொன்னதில் பாதி சரி: இடம் சின்னதாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் வயதைப் பாருங்கள், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. மனிதரை ஏற்றுக்கொள்ளும் பருவம் குட்டிக்கு இரண்டாம் வாரம் தொடங்கி ஏழாம் வாரத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பிறகும் பழக்கலாம், நாள் பிடிக்கும். ஐந்து ஆறு வாரக் குட்டி ஒன்றிரண்டு வாரத்தில் மடிக்கு வரும். எட்டு வாரத்துக் குட்டிக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். நான்கு மாதம் கடந்ததை வீட்டுப் பூனையாக்கப் பாடுபடுவதைவிட, கருத்தடை செய்து கொல்லையிலேயே சோறு போட்டு வளர்ப்பது அதற்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. வயது தெரிய எடை உதவும்: ஒரு மாதக் குட்டி 400 கிராம் பக்கம், இரண்டு மாதக் குட்டி 800 கிராம் பக்கம் இருக்கும். நம் ஊர்த் தெருப்பூனைக் குட்டிகள் இதைவிடக் கொஞ்சம் மெலிந்தே இருக்கும். கண் இன்னும் நீலமாக இருந்தால் ஏழு வாரத்துக்கு உட்பட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

தாய் மனிதரோடு பழகியதாக இருந்தால் எட்டு வாரம் வரை பிரிக்கவே கூடாது, தாயோடு சேர்த்தே உள்ளே கொண்டுவரலாம். உங்கள் பூனை தொடவிடாதது. நாம் வரும்போதெல்லாம் அது ஓடுவதைப் பார்த்துத்தான் குட்டிகளும் ஓடக் கற்கின்றன. அதனால் தானாகத் தின்னத் தொடங்கியதும், ஐந்தரை ஆறு வாரத்தில், மூன்றையும் ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். ஒன்றை எடுத்து இரண்டை விட்டால் தாய் அன்றிரவே இடம் மாற்றிவிடும்.

பிடிப்பதற்கு வலை வேண்டாம். நாலைந்து நாள் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், பக்கவாட்டில் சாய்த்த அட்டைப்பெட்டிக்குள் தீனி வையுங்கள். உள்ளே போய்த் தின்னப் பழகிய பிறகு பெட்டியை நிமிர்த்தி மூடினால் போதும். தப்பிய குட்டியைத் தடித்த துண்டைப் போர்த்தித் தூக்குங்கள்.

வைக்க ஏற்ற இடம் குளியலறை. வாளித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குட்டி விழுந்தால் ஏற முடியாது. தண்ணீர் போகும் துளையையும் அடையுங்கள். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் அறை சித்திரை வைகாசி வெயிலில் ஆகாது. ஒரு மூலையில் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி, எதிர் மூலையில் இரண்டு அங்குல உயரத்துக்கு உலர்ந்த மணல் பரப்பிய தட்டு. மண்ணில் வளர்ந்த குட்டி மணலைத் தானே தேடிப் போகும். தரையை ஃபினாயிலால் துடைக்கவே துடைக்காதீர்கள். அது பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும். பூனையின் ஈரல் அதை முறிக்காது. சோப்புத் தண்ணீரே போதும்.

இனிப் பழக்குவது. முதல் நாள் தீனி வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இரண்டாம் நாளிலிருந்து ஒரு விதி: தீனி உங்களோடுதான் வர வேண்டும், உங்களோடுதான் போக வேண்டும். அறையில் எப்போதும் தட்டு நிறைந்திருந்தால் குட்டிக்கு உங்களால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. பழகாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பட்டினி போடச் சொல்லவில்லை. நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் எப்போதும். தரையில் உட்காருங்கள், கண்ணுக்குள் பார்க்காதீர்கள். தட்டை முதலில் ஒரு முழம் தள்ளி வைத்து, வேளைக்கு வேளை பக்கத்தில் இழுத்து, கடைசியில் தொடைக்கு அருகே கொண்டுவாருங்கள். பிறகு நீளக் கரண்டியில் நீட்டி, அடுத்து விரலில் தடவிக் கொடுங்கள்.

தின்னும்போதுதான் முதல் தொடுகை. தலைக்கு மேலிருந்து கை வந்தால் பருந்து வருகிறது என்றுதான் எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டில், தாழ்வாக, தோளில் ஒரு விரல். சீறினால் கையைச் சட்டென்று இழுக்காதீர்கள். சீறினால் ஆள் போய்விடுவார் என்று கற்றுக்கொள்ளும். அசையாமல் வைத்திருந்து, அடங்கியதும் மெல்ல எடுங்கள். கன்னம், காதடி, முதுகு என்று போய், வயிற்றைக் கடைசிக்கு வையுங்கள்.

மூன்றும் சேர்ந்திருந்தால் ஒன்றின் பயம் மற்றதுக்குத் தொற்றும். அதிகம் சீறும் குட்டியைத் தினம் இரண்டு வேளை தனியே எடுத்து, துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துப் பத்து நிமிடம் வைத்திருந்து ஊட்டுங்கள். விளையாட்டுக்குத் தென்னை ஈர்க்கு நுனியில் கோழி இறகு கட்டினால் போதும், விரலை ஆட்டிக் காட்டாதீர்கள். இன்றைக்கு அழகாக இருக்கும் கடி ஆறு மாதத்தில் ரத்தம் வரும் கடியாகும். பூக்கட்டும் நூல் தரையில் கிடக்காமல் பாருங்கள். மல்லிகையால் தீங்கில்லை, விழுங்கிய நூல்தான் குடலைச் சுருட்டி உயிரை எடுக்கும்.

ஊட்டுகிறவர் ஒருவரே என்றால் அவரிடம் மட்டுமே வரும். இரண்டாம் வாரத்தில் ஆண்கள், பிள்ளைகள், மாமியார் எல்லோரும் ஆளுக்கொரு வேளை ஊட்டட்டும். மிக்சி, குக்கர் விசில் சத்தமும் தின்னும் நேரத்தில் தூரத்திலிருந்து கேட்கட்டும். வாலைத் தூக்கிக்கொண்டு எதிரே ஓடிவந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்குப் பிறகே வீட்டுக்குள் ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடுங்கள். அவசரப்பட்டால் பீரோவுக்கு அடியில் போய் எல்லாம் முதலிலிருந்து.

தீனி: உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு சேராமல் வேகவைத்து எலும்பெடுத்துப் பிசைந்த கோழிக்கறி அல்லது மீன். கறியை மட்டுமே கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு வளையும். பாதிக்குப் பாதி, வெந்நீரில் ஊறவைத்த பூனைக்குட்டித் தீவனம் சேருங்கள். பசும்பால் பேதியாக்கும். பால்சோற்றில் பூனை வளராது.

குடற்புழு மருந்தை எடை போட்டுக் கால்நடை மருத்துவர்தான் தர வேண்டும். தெள்ளுப்பூச்சிக்கு நாய் மருந்தைத் தொடவே தொடாதீர்கள். அவற்றில் பலவற்றிலுள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமாலும் அப்படித்தான். முடி உதிர்ந்து வட்டத் திட்டு இருந்தால் படர்தாமரை, பிள்ளைகளுக்கு ஒட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மணல் தட்டை வேறொருவர் அள்ளட்டும்.

கடித்தாலோ ரத்தம் வரக் கீறினாலோ, குட்டிதானே என்று விடாதீர்கள். 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். குட்டிகளுக்கு மூன்று மாதத்தில் அதே நோய்க்கு ஊசி உண்டு. மற்றத் தடுப்பூசிகள் எட்டு வாரத்தில் தொடங்கும்.

இரண்டு குட்டியையும் ஒரே வீட்டுக்குக் கொடுக்க முடிந்தால் நல்லது, எட்டு வாரத்துக்கு முன் கொடுக்க வேண்டாம். தின்னும் தீனியில் ஒரு வாரத்துக்கானதும் படுத்த துணியும் கூடவே போகட்டும். புது வீட்டிலும் முதல் மூன்று நாள் ஒரே அறை என்று சொல்லி அனுப்புங்கள்.

தாயை மறந்துவிடாதீர்கள். குட்டிகளைத் தேடி இரண்டு மூன்று நாள் கத்தும். பால் வற்ற இரண்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகு கூண்டில் தீனி வைத்துப் பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுபோங்கள். தள்ளிப்போடாதீர்கள்: பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்படும், சினைக்காலம் ஒன்பது வாரம்தான்.